தகரக் குழாயில் காணாமல் போன இருமல்

அத்தியாயம் 4

காணாமல் போன நகையைக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஓடிப்போன மருமகனைக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒரு தடவை, கூண்டைத் திறந்துகொண்டு பறந்த பச்சைக்கிளியைக் கூடக் கேட்டு வந்தார்கள். ஆனால் இறந்துபோன மனிதரின் இருமலைக் காணவில்லை, எப்படியாவது தேடிக் கொடுங்கள் என்று உதுமானிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"இருமலா?" என்றான் உதயசூரியன். பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவன், சிரிப்பு வந்துவிடாமலிருக்க மேலுதட்டைக் கடித்துக்கொண்டான்.

உதுமான் அவனை ஒரு பார்வை பார்த்தார். ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் சரக்கு எந்தச் சந்தில் நழுவுகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையிலேயே தலை நரைத்த மனிதர் அவர். வேலை போன பிறகும் மூக்கு சும்மா இருக்கவில்லை. ஊரார் வீட்டு மர்மங்களை முகர்ந்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். உதயசூரியன் அவருக்கு உதவியாள், சாரதி, வாயாடி, மூன்றும். பெயர்தான் உதயசூரியன், படுக்கையை விட்டு எழுவதென்னவோ ஊர் பாதி வேலையை முடித்த பிறகு. அவனுடைய ஓட்டை டாக்ஸியும் அப்படித்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த ஹமீதுன்னிசா எழுபதைத் தொட்டவர். பஹான் பக்கத்தில் அத்தனை பெரிய வீடு, அதில் ஒற்றை ஆள். அறைக்கு அறை நாற்காலிகள் போட்டிருந்தன, உட்காரத்தான் ஆளில்லை. மேசையில் மூடி வைத்த சோற்றுப் பாத்திரம் காலையிலிருந்து திறக்கப்படவே இல்லை என்பதை அதன் மேல் ஊர்ந்த எறும்பு வரிசை சொல்லிற்று.

"எங்க மாப்பிள்ளை அய்யூப் மௌத்தாகி அஞ்சு வருசம் தம்பி," என்று கணவரைப் பற்றிச் சொன்னார் அவர். "அந்தியில மஃரிபு தொழுதுட்டு அவங்களுக்காக யாசீன் ஓதுவேன். ஓதி முடிச்சு, துஆ கேட்டு, ஆமீன்னு சொன்னதும் அந்தச் சல்லடை வழியா ஒரு இருமல் வரும். ஒண்ணே ஒண்ணு. ரெண்டு வருசமா அது கேட்டுக்கிட்டிருந்துச்சு."

கை உயர்த்திக் காட்டினார். தொழுகை அறையின் சீலிங்கில், குளிர்காற்று இறங்குவதற்கான சல்லடை இருந்தது. மாமனார் காலத்து ஏற்பாடு. பின்கட்டில் ஒரே மிஷின், கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள மச்சில் தகரக் குழாய், அறைக்கு ஒரு சல்லடை.

"தினமுமா கேட்கும் லாத்தா?" என்று கேட்டார் உதுமான். தன்னைவிட மூத்த பெண்களை அவர் லாத்தா என்றுதான் அழைப்பார்.

"கரண்டு இல்லாத நாள்ல மட்டும். மிஷின் ஓடினா அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது."

"அப்ப ரங்கூன்ல முக்கால்வாசி நாள் கேட்டிருக்கும்," என்றான் உதயசூரியன்.

ஹமீதுன்னிசா சிரிக்கவில்லை. "மகன் ஆமிர் சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு, குழாயெல்லாம் துருவும் எலியுமா கிடக்கு, மாத்துங்கம்மான்னான். போன வாரம் ஆள் வந்து மாத்தினாங்க. அதோட சரி. கரண்டு போகுது, நான் ஓதறேன், ஆமீன் சொல்றேன். மேல இருந்து ஒரு சத்தமும் இல்ல." முக்காட்டுத் துணியின் ஓரத்தை விரலில் சுற்றி இறுக்கினார். "அந்த இருமல் எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் தம்பி. தெரியாம எனக்குச் சோறு இறங்காது."

கடைசி வார்த்தைகளில் இருந்த பதற்றம் உதுமானுக்கு உறைத்தது. ஐந்து வருடத்துக்கு முன்பே அடக்கம் செய்துவிட்ட மனிதருக்காக ஒருத்தி இவ்வளவு பதறுவாளா?

மச்சுக்கு ஏற மர ஏணி இருந்தது. மேலே தலையை நீட்டியதுமே அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி சூடு. புதுக் குழாய்கள் பளபளவென்று வளைந்து வளைந்து ஓடின. தகரம் இல்லை, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைக் குழாய்கள். ஒரு கோடியில் பலகை அடித்த தடுப்பு. அதன்மேல் மிச்சப் பஞ்சு மூட்டைகளைச் சாத்தியிருந்தார்கள்.

"சூரியா," என்று கூப்பிட்டுப் பார்த்தார் உதுமான். சத்தத்தைப் பஞ்சு விழுங்கிவிட்டது. ஏணியடியில் நின்றவனுக்குக் கூடக் கேட்கவில்லை.

அவருக்குத் தன் அறை நினைவு வந்தது. லத்தா பேட்டையில், கருவாட்டுக் கடைக்கு மேலே, ஒற்றை அறை. மனைவி கரீமா இறந்த பிறகு, கேட்கிறாரோ இல்லையோ, ரேடியோவைப் பாடவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மெல்லும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டால் அவருக்குச் சோறு தொண்டையில் நிற்கும்.

கீழே இறங்கியவர், "மேல எல்லாம் புதுசு. பழசைத்தான் பார்க்கணும்," என்றார். "மாத்தினது யாரு லாத்தா?"

"லத்தாவுல தகரக்கடை வச்சிருக்கிற அப்பாசாமி."

"அந்தப் பலகைக்கு அந்தாண்டை யார் வீடு?"

ஹமீதுன்னிசா சல்லடையைப் பார்த்தபடி, "அது பூட்டின வீடு," என்றார்.

*

டாக்ஸி மூன்றாவது உதைக்குப் பிறகு உறுமிக் கிளம்பியது.

"பாய், ஒரு சந்தேகம்," என்றான் உதயசூரியன். "வீட்ல பேய் இருமினா உங்க ஆளுங்க ஹஜ்ரத்தைக் கூப்பிட்டுத் தண்ணி ஓதித் தெளிப்பாங்க. எங்க ஆளுங்க பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலை அடிப்பாங்க. பர்மாக்காரங்க 'நாட்'டுங்கிற ஆவிக்குத் தேங்காய் வைப்பாங்க. நம்மள எதுக்குக் கூப்பிட்டாங்க? நாம என்ன பேய்க்குப் பாஸ்போர்ட்டா பார்க்கப் போறோம்?"

உதுமான் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்தினார். "சூரியா, சில சமயம் உன் வாயிலிருந்து தப்பித் தவறி நல்ல கேள்வி விழுந்துடுது."

"தேங்க்ஸ் பாய். எடுத்து வச்சுக்குங்க."

"இன்னொண்ணு கேள். மௌத்தாகி அஞ்சு வருசம். இருமல் கேட்டு ரெண்டு வருசம். நடுவுல மூணு வருசம் மனுசன் எங்க போயிருந்தாரு?"

"விசா கிடைச்சிருக்காது."

"இதையும் கேள். ஆமீனுக்கு அப்புறம்தான் இருமல். ஓதும்போது நடுவுல ஒரு தடவை கூட வந்ததா அந்தம்மா சொல்லல. இருமல் சொல்லிக்கிட்டா வரும்? யாரோ நெஞ்சைப் பிடிச்சு அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்து, ஓதி முடிஞ்ச பிறகு இருமியிருக்காங்க."

"அப்ப நல்லா வளர்த்த பேய்," என்ற உதயசூரியன், ஒரு நிமிடம் கழித்து, "பேயே இல்லைங்கிறீங்க," என்றான்.

ஜன்னலுக்கு வெளியே கன்னத்தில் தனாக்காச் சாந்து பூசிய பெண்கள் பஸ்ஸைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

*

அப்பாசாமியின் கடை, லத்தாவின் சந்தைச் சந்தடியில் இரண்டு மொத்தக் கடைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது. ஹமீதுன்னிசா வீட்டுப் பழைய குழாய்கள் வாசலிலேயே குவிந்திருந்தன. பாதி ஏற்கெனவே புகைபோக்கியாகவும் தண்ணீர் டப்பாவாகவும் மறுபிறவி எடுத்துவிட்டன.

"பழைய தகரம் எனக்குன்னு பேசினதுதான்," என்றார் அப்பாசாமி, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. அறுபது வயது, வாய் நிறைய வெற்றிலை. "புகார்னா அந்தம்மா மகனோட போன்ல பேசிக்குங்க."

"தகரம் உங்களுதே. சும்மா பார்க்கத்தான் வந்தோம்," என்று உதுமான் குனிந்து ஒவ்வொரு துண்டாகப் புரட்டினார். உள்ளே விரற்கடை தடிமனுக்குத் தூசி. எல்லாத் துண்டுகளின் முனையும் பழைய பாணியில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும்படி தட்டப்பட்டிருந்தது. ஒரே ஒரு துண்டின் முனை மட்டும் மடிப்பில்லாமல், பற்களைப் போல் வெட்டிய புது விளிம்போடு மினுங்கியது.

"அப்பாசாமி, எல்லாக் குழாயும் கழட்டியிருக்கு. இது மட்டும் ஏன் கத்தரிச்சிருக்கு?"

அப்பாசாமி வெற்றிலையைத் துப்ப வெளியே போனார். திரும்பி வர வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"கேளுங்க பாய். இதைக் கழட்டப் போனா, இதோட கோத்திருக்கிற மீதி அடுத்த வீட்டுக்காரனுது. அதுல கை வச்சா என் மேல வழக்குப் போடுவாங்க."

"மீதியா?"

"அது ஒரே வீடா இருந்தது. அண்ணன் தம்பி ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டு பாகம் பிரிச்சாங்க. நடுவுல தரையிலேருந்து சீலிங் வரைக்கும் செங்கச் சுவர். விளக்குமாத்தைக் கூட ஆளுக்கு ஒண்ணுன்னு எண்ணிப் பிரிச்சாங்கன்னு கேள்வி. ஆனா மச்சுல ஏறிப் பார்க்க ஒருத்தனுக்கும் தோணல. வந்த கொத்தன் அங்க நாலு பலகையை அடிச்சான், குழாய் குறுக்கே வந்ததும் அது அளவுக்கு ஓட்டை விட்டான், இறங்கிப் போயிட்டான். குழாய் பாட்டுக்கு ரெண்டு வீட்டுக்கும் ஓடிக்கிட்டிருந்தது."

உதயசூரியன் தொடையில் தட்டிக்கொண்டான். "மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சுவர் வச்ச தம்பிக்கு, அண்ணன் வீட்டு மிஷின்ல இருந்து இத்தனை வருசமா குளிர்காத்து போயிருக்கு! ஐயோ, இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல!"

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றார் உதுமான்.

"பலகை ஓரமா கத்தரிச்சேன். பஞ்சைத் திணிச்சேன். தகரம் வச்சு ஆணி அடிச்சேன். அங்கேர்ந்து எலி வரக் கூடாது பாருங்க."

"அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலியே."

"தம்பி யாரு? எங்க இருக்காரு?"

"நியாஸ்னு பேரு. சண்டைக்கு அப்புறம் தமிழ்நாட்டுப் பக்கம் போயிட்டாரு. வீடு பூட்டித்தான் கிடக்கு. ஒரு பர்மாக்காரம்மா காவலுக்கு இருக்கு."

உதுமான் வெட்டுப்பட்ட விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். கூர்மையாக இருந்தது. "இந்தத் துண்டையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கிட்டு டாக்ஸியில ஏறுங்க, அப்பாசாமி."

"கடையை யாரு பார்ப்பா?"

"தகரத்தை யாரும் தூக்கிக்கிட்டு ஓட மாட்டாங்க," என்றான் உதயசூரியன். "ஓடினா சத்தம் கேக்கும்."

*

பூட்டின வீட்டின் கேட் பூட்டாமல்தான் இருந்தது. காவலிருந்த டாவ் ஓன் வாசலில் நின்று, இங்கே யாருமில்லை, முதலாளி வெளிநாட்டில், நான் ஒருத்திதான் என்று பர்மியில் படபடவென்று சொன்னாள். பொய் சொல்லிப் பழகாத முகம். கண் இரண்டும் சாத்தியிருந்த கதவுக்கே ஓடின.

உதுமான் அவளை விட்டுவிட்டுக் கொல்லைப்புறக் குழாயைப் பார்த்தார். அதன் பக்கத்தில் ஒரு மூக்குக் கெண்டி. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அருகே மரக்கட்டைச் செருப்பு ஜோடி, இன்னும் ஈரம் உலரவில்லை.

"டாவ் ஓன், நீங்க புத்தரைக் கும்பிடுறவங்க. தொழுகைக்கு முன்னாடி கெண்டியில தண்ணி எடுத்துக் கை கால் கழுவி வுளு செய்யறது எப்போதிலிருந்து?" என்று அவரும் பர்மியிலேயே கேட்டார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்," என்றாள், அழுகிற குரலில். "நாலு நாளா மருந்தும் குடிக்கிறதில்லை. நீங்களாவது சொல்லுங்க."

உள்ளே இருட்டு. நடு அறையில் ஒரே ஒரு நாற்காலி, சீலிங்குச் சல்லடைக்கு நேர் கீழே. அந்தச் சல்லடை மட்டும் தூசி இல்லாமல் துடைத்திருந்தது. நாற்காலியில் எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் மடித்த துண்டு. அவர்களைப் பார்த்ததும் துண்டை வாயில் அழுத்தி, இருமலை உள்ளேயே நொறுக்கினார்.

"நியாஸ் பாய்," என்றார் உதுமான். "என் பேரு உதுமான். பக்கத்து வீட்டிலிருந்து வரேன்."

அவர் கண்ணில் ஒரு கணம் வெளிச்சம் வந்து அணைந்தது. "மதினி அனுப்பினாங்களா? அவங்க சரியாத்தான் செஞ்சிருக்காங்க. கண்டுபிடிச்சிட்டாங்க, அடைச்சிட்டாங்க. அவங்க வீட்டுக் குழாய்."

"நீங்க எப்ப திரும்பி வந்தீங்க?"

"ரெண்டு வருசம் ஆச்சு. காக்காவைப் பார்த்துடணும்னுதான் கப்பல் ஏறினேன். துறைமுகத்துல இறங்கி விசாரிச்சா, அவங்க மௌத்தாகி மூணு வருசம்னாங்க." அண்ணனைக் காக்கா என்று சொல்லும்போது அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. "போய் மதினிகிட்ட நின்னிருக்கலாம். ஆனா ஜமாத்துப் பெரியவங்க முன்னாடி நான் ஆணையிட்டிருக்கேன். இனி அந்த வாசப்படியை மிதிச்சா நான் எங்க வாப்பாவுக்குப் பொறந்தவனில்லேன்னு. கடை யாருக்கு, வீடு யாருக்குன்னு வந்த சண்டை. அந்தக் கடையும் இப்ப இல்ல."

"அப்புறம்?"

"வந்த அன்னிக்குச் சாயங்காலம் கரண்டு போச்சு. இருட்டுல உட்கார்ந்திருக்கேன். மேலேர்ந்து யாசீன் கேக்குது. அப்புறம் துஆவுல காக்கா பேரு. ஜனாஸா அடக்கத்துக்குத்தான் வரல, இதையாவது கேப்போம்னு தினமும் உட்கார ஆரம்பிச்சேன். ஓதும்போது இருமக் கூடாதுன்னு துண்டைக் கடிச்சுக்குவேன். ஆமீன் ஆனதும் முடியாது, வந்துடும்." துண்டை மடியில் விரித்து மடித்தார். "இப்ப அதுவும் போச்சு. இனி யாருக்காக அடக்கணும்? மருந்து குடிச்சு யாருக்காகத் தேறணும்?"



"அவங்க துஆவுல என்ன கேப்பாங்க?" என்றார் உதுமான், ஏதோ நினைத்தவராக.

"எல்லாருக்கும் கேப்பாங்க. காக்காவுக்கு, புள்ளைக்கு, வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு. நல்ல மனசு. போன மழைக்காலத்துல எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிட்டது. அன்னிக்குப் பாருங்க, எதேச்சையா, 'நெஞ்சுச் சளி உள்ளவங்களுக்குச் சுகத்தைக் கொடு ரஹ்மானே'ன்னாங்க. மறுநாள், 'இஞ்சியைத் தட்டித் தேன்ல குழைச்சுச் சாப்பிடுறவங்களுக்குச் சீக்கிரம் குணமாக்கு'ன்னாங்க."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நெஞ்சடைப்பு விட்டுச்சு."

உதயசூரியன் மெதுவாகத் தலையைத் திருப்பி உதுமானைப் பார்த்தான். "பாய், எனக்கு உங்க ஓதல் தெரியாது. துஆவுல இஞ்சியெல்லாம் வருமா?"

"வராது," என்றார் உதுமான்.

*

ஹமீதுன்னிசா அதே நாற்காலியில்தான் இருந்தார். சோற்றுப் பாத்திரமும் அப்படியே. உதுமான் எதிரே உட்கார்ந்தார். அப்பாசாமியை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

"லாத்தா, துஆவுல இஞ்சி எதுக்கு?"

அந்தம்மாள் நிமிரவில்லை. பிறகு, காற்றைவிட மெதுவாகக் கேட்டார்.

"உசுரோட இருக்காரா?"

உதுமான் தலையசைத்தார். அவ்வளவுதான். நாள் கணக்கில் இறுக்கி வைத்திருந்த அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. முக்காட்டை முகத்தில் பொத்திக்கொண்டு ஹமீதுன்னிசா குலுங்கிக் குலுங்கி அழுதார். உதயசூரியன் எழுந்து போய், எதுவோ முக்கியமான வேலை இருப்பதைப் போலச் சோற்றுப் பாத்திரத்தின் எறும்பைத் தட்டிவிட்டான்.

"உங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியும்," என்றார் உதுமான்.

"தெரியாமலா? எங்க மாப்பிள்ளை இருமினா ஜன்னல் கண்ணாடி அதிரும் தம்பி. இது அடக்கி அடக்கி இருமுறது. நான் வாக்கப்பட்டு வந்தப்ப அது பள்ளிக்கூடம் போற புள்ள. வாப்பாவுக்குப் பயந்து தலையணைக்குள்ள இருமும். அந்தக் குடும்பத்துல அப்படி இருமுறது ஒருத்தர்தான்."

"அப்ப எங்ககிட்ட ஏன் மௌத்தானவர் இருமல்னு சொன்னீங்க?"

"அந்தப் பேரை இனி என் வாயால சொல்ல மாட்டேன்னு ஜமாத்துல ஆணையிட்டவ நான். சத்தம் நின்னதும் பயந்து போயிட்டேன். அந்தப் பக்கம் தனியா விழுந்து கிடக்காரோ, மௌத்தாயிட்டாரோன்னு. ஆளை அனுப்பிப் பாருன்னா பேரைச் சொல்லணும். எங்க மாப்பிள்ளை பேரைச் சொன்னா யாரு என்ன கேப்பாங்க?" மூக்கை உறிஞ்சினார். "புதுக் குழாயும் பழைய மாதிரியே அந்தப் பக்கம் போகும்னுதான் நம்பினேன். அந்தப் படுபாவி கத்தரிப்பான்னு யாரு கண்டா?"

வாசலில் நின்ற படுபாவி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லாத்தா, அவரும் நீங்க அடைச்சிட்டீங்கன்னு நினைச்சு மருந்தை விட்டுட்டாரு. நடுவுல ஒரு சுவர்தான். ஆணையை முறிச்சா ஏழைகளுக்குச் சோறு போட்டுக் கழிச்சுக்கலாம். மார்க்கத்துலேயே வழி இருக்கே."

"மார்க்கத்துல வழி இருக்கு தம்பி," என்றார் ஹமீதுன்னிசா. "மனசுல இல்லியே. அவரும் வர மாட்டாரு, நானும் போக மாட்டேன். அந்தக் குடும்பத்து வீம்பு அவருக்கு ரத்தத்துல, எனக்குச் சோத்துல."

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இங்கே தசை ஆடுகிறது, ஆள்தான் ஆடுவதாயில்லை. உதுமானுக்குக் கோபமாக வந்தது. தனக்கு ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவதற்கு ஒரு ஆள் இருந்தால், சுவரை நகத்தால் சுரண்டியாவது போயிருப்பாரே! ஆனால் அடுத்தவர் வீம்பை உடைக்கத் துப்பறிகிறவனுக்கு ஏது சுத்தியல்?

"அப்பாசாமி," என்றார் அவர். "மேல ஏறுங்க."

*

அப்பாசாமி முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். பஞ்சு மூட்டையை நகர்த்தி, ஆணியைப் பிடுங்கி, திணித்ததையெல்லாம் வெளியே இழுத்தார். பலகையின் ஓட்டை திறந்தது. அதற்கு அந்தப் பக்கம் பழைய தகரக் குழாய் அப்படியே காத்துக் கிடந்தது. கொண்டுவந்த துண்டை இந்தப் பக்கச் சல்லடை வரை வைத்துக் கோத்தார். பஞ்சுக் குழாய் வேண்டாம், தகரமே இருக்கட்டும், தகரத்தில்தான் சத்தம் ஓடும் என்று ஹமீதுன்னிசா கீழேயிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பாங்கு ஒலித்தது. தொழுகை முடிகிற நேரத்துக்குச் சரியாகக் கரண்டும் போயிற்று. ரங்கூனில் நேரம் தவறாமல் நடக்கிற காரியம் அது ஒன்றுதான். மிஷின் பெருமூச்சு விட்டு நின்றது.

ஹமீதுன்னிசா ஓத ஆரம்பித்தார். உதுமானும் உதயசூரியனும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சில் அப்பாசாமி, பிடித்த குழாயை விடலாமா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்தபடியே இருந்தார். அய்யூபின் பெயர் வந்தது, ஆமிரின் பெயர் வந்தது, வெளியூரில் இருக்கிறவர்கள் வந்தார்கள்.

"ஆமீன்."

ஒன்றுமில்லை.

உதயசூரியனின் முகம் தொங்கிவிட்டது. உதுமான் சல்லடையையே பார்த்தார். பக்கத்து வீட்டில் நியாஸ் நாற்காலியை விட்டு எழுந்து போயிருந்தால்? ஓதல் கேட்டும் நம்பாமல் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தால்?

ஹமீதுன்னிசா தொண்டையைச் சரி செய்துகொண்டு, சல்லடையை நோக்கி உரக்கக் கேட்டார்.

"அப்பாசாமி! சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க மருந்து குடிச்சாங்களான்னு கேளு!"

மேலேயிருந்து குழம்பிய குரல் வந்தது. "என்னையாம்மா கேக்கறீங்க? நான் எந்த மருந்தும் குடிக்கிறதில்ல!"

"உன்னைக் கேக்கல. நீ சும்மா இரு. குடிச்சிருந்தா ஒண்ணு. குடிக்கலேன்னா ரெண்டு."

எங்கோ தெருவில் சைக்கிள் ரிக்‌ஷாவின் மணி கேட்டு ஓய்ந்தது.

சல்லடையிலிருந்து ஒரு இருமல் இறங்கி வந்தது. அடக்கி அடக்கி, பழைய தகரத்தில் உருண்டு உருண்டு வந்த இருமல். ஹமீதுன்னிசா கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவோ நேரம் என்று தோன்றிய ஒரு இடைவெளிக்குப் பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டு, இரண்டாவதும் வந்தது.

"சின்ன வயசுலேர்ந்தே பொய் சொல்ல வராது," என்று ஹமீதுன்னிசா சொன்னார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சூரியன் தம்பி, அடுப்புல கஞ்சி வைக்கிறேன். தூக்குல தரேன், டாவ் ஓன்கிட்ட கொடுத்துட்டு வாங்க. யாரு கொடுத்தான்னு கேட்டா அப்பாசாமின்னு சொல்லுங்க."

"நானா?" என்றது மச்சு.

*

லத்தாவில் உதுமானை இறக்கிவிட்டபோது தெருவெல்லாம் இருட்டு. கருவாட்டுக் கடையில் ஒற்றை மெழுகுவர்த்தி. உதயசூரியன் கையை ஆட்டினான். உதுமான் தட்டித் தடவிப் படியேறி, கதவைத் திறந்து, வழக்கம்போல ரேடியோவின் பொத்தானைத் திருகினார். கரண்டு இல்லாத ரேடியோ ஊமையாக இருந்தது.

மூடி வைத்த சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். அந்த வீட்டில் இந்நேரம் ஒருத்தி சாப்பிட்டிருப்பாள். அடுத்த வீட்டில் ஒருவர் கஞ்சி குடித்து, மருந்தும் குடித்திருப்பார். நாளைக்கு ஒற்றை இருமல் வரும். நல்லது, மிகவும் நல்லது. வழக்கு முடிந்தது. உதுமானுக்கு அன்றைக்குத் தனிமை எலும்பு வரைக்கும் போய்க் குடைந்தது.

ஜன்னலில் நின்றபடி, எதற்கென்று தெரியாமல், உதுமான் ஒரு தடவை இருமினார். தனக்கே வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லையே என்ற தைரியத்தில் இன்னொரு தடவையும் இருமினார்.

கீழே, எத்தனை உதைத்தும் கிளம்ப மறுத்துக்கொண்டிருந்த ஓட்டை டாக்ஸியின் கதவு படாரென்று திறந்தது.

"ரெண்டா?" என்று கத்தினான் உதயசூரியன். "அப்ப நீங்க இன்னும் சாப்பிடல! இருங்க பாய், மொகிங்கா வாங்கிக்கிட்டு மேல வரேன்!"